மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்

செப்டம்பர் 3

தம்பிக்கு,

தொலைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். நீ ஊருக்குத் திரும்பிய மறுநாள் பேசினோமே, பாதியிலேயே பட்டென்று வைத்துவிட்டேன். மறுபடி பேசினால் மறுபடி வைப்பேன். அதோடு, பேசும்போது நீ மென்று விழுங்குவாய், நான் கத்துவேன், யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு அப்புறம் சாட்சி இருக்காது. எழுதி வைத்தால் எடுத்து நீட்டலாம். நீயும் எழுதியே பதில் போடு.

என் ரம்பம் செத்துவிட்டது. பதினான்கு வருடமாக ஒரு தும்மல் போடாமல் உழைத்த செயின் ரம்பம். கயிற்றை இழுத்தால் முதல் இழுப்பிலேயே உறுமுகிறது. செயினும் ஓடுகிறது. கட்டையில் வைத்தால் மட்டும் அறுக்க மாட்டேன் என்கிறது. புகை வருகிறது, கட்டையில் தீய்ந்த கறுப்புக் கோடு விழுகிறது. சீவல் சீவலாகக் கொட்ட வேண்டிய இடத்தில் மாவு மாதிரி ஏதோ உதிர்கிறது. பல் மழுங்கிவிட்டதோ என்று பார்த்தேன். பளபளவென்றுதான் இருக்கிறது. எண்ணெய் பார்த்தேன், இறுக்கம் பார்த்தேன். எல்லாம் சரி.

அவ்வளவு கனத்தைப் பேருந்தில் தூக்கிப் போக முடியாது. கடைக்காரரிடம் போய் வாயால்தான் சொன்னேன். "பதினாலு வருஷமா? அதுக்கும் வயசாகாதாம்மா? புதுசு வாங்குங்க" என்றார். அவருக்கு விற்க வேண்டும், சொல்லத்தான் செய்வார். நீ லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடி இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுகிறவன். எது வாங்கலாம் என்று நீ சொல்.

இன்னொன்று. நீ இங்கே இருந்தவரை ரம்பம் வெண்ணெயாக அறுத்தது. நீ கிளம்பிய வாரமே இப்படி. தானாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கொட்டகைச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், இன்னொன்று பக்கத்து வீட்டு மீசைக்காரரிடம். அவர் சைக்கிளும் அதே கொட்டகையில்தான் நிற்கிறது. அவர் மகள் குழந்தையோடு வந்து தங்கியதிலிருந்து, "ரம்பச் சத்தத்துல பாப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்துக்குதுங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் எனக்கு இடிக்கிறது.

நவம்பருக்குள் கொட்டகைச் சுவர் மூன்றிலும் விறகு ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் இந்த வீட்டில் குளிர்காலத்தைத் தள்ள முடியாது. தள்ள முடியாவிட்டால் உன் அடுக்குமாடியின் பின்னறை இருக்கிறது, அதற்குப் புது வண்ணம்கூட அடித்தாகிவிட்டது என்று உன் மனைவி சொன்னாள். நான் அங்கே வருவதாக இல்லை. எது வாங்கலாம், சீக்கிரம் சொல்.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதத்துக்கு மன்னியுங்கள். ஓர் அலுவலகக் கட்டடத்தில் பெரிய ரகளை. எங்கள் ஆள் ஒருவர் லிஃப்டை நிறுத்திவிட்டு, எச்சரிக்கைப் பலகை மாட்டாமல் சாப்பிடப் போய்விட்டார். காவலாளி மின்சாரம் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பப் போட்டுவிட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் மூன்று நாள் விசாரணை. எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான். ஓடுகிறதை நிறுத்தினால் நிறுத்தியவர் தன் கையெழுத்துப் போட்ட பலகையை மாட்ட வேண்டும். அந்தப் பலகையை மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். மேலதிகாரியே வந்தாலும் தொடக்கூடாது.

ரம்ப விஷயம். பெட்ரோலில் ஓடுவதற்குப் பலம் அதிகம், கனமும் அதிகம், கட்டையில் சிக்கினால் எகிறி முகத்துக்கு வரும். பேட்டரியில் ஓடுவது லேசு, கையை எடுத்தால் நின்றுவிடும். கரண்டில் ஓடுவதற்கு ஒயர் இழுக்க வேண்டும், அறுக்கிற அவசரத்தில் ஒயரையே அறுத்தவர்கள் உண்டு. எதுவானாலும் செயின் ஓடுகிற தகட்டின் நீளம் குறைவாக இருந்தால் நல்லது.

ஆனால் இந்த வருடம் அறுத்த விறகாகவே வாங்கிவிட்டால் என்ன? வண்டியில் கொண்டுவந்து அடுக்கியே கொடுக்கிறார்களாமே. அவசரப்பட்டு எதுவும் வாங்க வேண்டாம்.

மீசைக்காரர் அப்படிச் செய்திருக்க மாட்டார். அது நிச்சயம்.

பல்லைப் பார்த்தேன், எண்ணெய் பார்த்தேன், எல்லாம் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகப் பார்த்தீர்களா அக்கா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் எழுத்து முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் வரிகள் கோட்டை விட்டுக் கீழே இறங்குகின்றன. கண் மருத்துவரிடம் போகலாம் என்று நான் அங்கே இருந்தபோது சொன்னேனே, போனீர்களா?

தம்பி


செப்டம்பர் 20

தம்பிக்கு,

ரம்பம் கேட்டால் கண்ணாடி விற்கிறாய். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. நாற்பது வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறேன், இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்க யாரையும் கூப்பிடவில்லை. எழுத்து பெரிதானால் பேனா தடிப்பு என்று அர்த்தம்.

"அது நிச்சயம்" என்கிறாய். எப்படி நிச்சயம்? எட்டு மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, என் கொட்டகையில் யார் கை வைத்தார், யார் வைக்கவில்லை என்று உனக்கு யார் சொன்னது? நீயும் அவரும் பேசிக்கொள்கிறீர்களா? நீ இங்கே இருந்த பத்து நாளில் வேலியோரம் நின்று அப்படி என்ன பேசினீர்கள்? நான் வந்ததும் இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்றையும் மேசையில் வைத்தார். பெட்ரோல் ரம்பத்தைத் தூக்கினேன், கைக்குப் பழக்கமான கனம். பேட்டரி ரம்பம் பொம்மை மாதிரி இருந்தது. அழுத்தினார், முனகியது. "அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவே இருக்காதும்மா" என்றார். சத்தம் போடாத ரம்பத்தை நான் நம்பமாட்டேன். எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று காதுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், மீசைக்காரரிடம் சாவியைத் திருப்பி வாங்கிவிட்டேன். வாசலில் நின்று நேராகவே கேட்டேன்.

"என் ரம்பத்த என்ன பண்ணீங்க?"

"நான் எதுக்கும்மா அதைத் தொடப்போறேன்?"

"பாப்பா தூங்கணும்னு."

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். சைக்கிளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பூட்டையே மாற்றிவிட்டேன். வாரா வாரம் தைத்த துணியை அவர் வண்டியில்தான் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் போடுவார். இந்த வாரம் இரண்டு மூட்டையையும் நானே பேருந்தில் இழுத்துக்கொண்டு போனேன். போகட்டும்.

நீ இன்னும் எது வாங்கலாம் என்று சொல்லவில்லை.

அக்கா


செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

மீசைக்காரரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து. அவர் அதைத் தொடவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அவர் குணம் எனக்குத் தெரியும், அவ்வளவுதான். வேலியோரம் நாங்கள் பேசியது உங்களைப் பற்றித்தான், ஒளிக்கவில்லை. நீங்கள் தனியாக இருப்பதால் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அதற்குமேல் ஒன்றுமில்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரி ரம்பம். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஆனால் அதையும் இப்போது வாங்காதீர்கள். டிசம்பரில் எனக்கு நான்கு நாள் விடுப்பு இருக்கிறது, நான் வந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் விறகுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

பழைய ரம்பத்தைக் கடையில் கொடுக்க வேண்டாம். யாரும் திறக்கவும் வேண்டாம். அப்படியே இருக்கட்டும். தானாகச் சரியாகிவிட்டதா என்று போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


அக்டோபர் 6

தம்பிக்கு,

ஏன் திறக்க வேண்டாம்?

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் நான் பித்தான் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது நீ கொட்டகையிலிருந்து வெளியே வந்தாய். கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். என்னடா என்றதற்கு, "ஏணி தேடினேன்" என்றாய். அந்த ஏணியை இரண்டு வருடத்துக்கு முன்பே மீசைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். நீயும் நானும் சேர்ந்துதான் வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தோம்.

அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது.

பெட்ரோல் ரம்பத்துக்குச் சொல்லிவிட்டேன். இருபதாம் தேதி வீட்டுக்கு வரும். அன்றைக்கே அறுக்க ஆரம்பிப்பேன். அதற்கு முன் உன் பதில் வர வேண்டும். சுற்றி வளைக்காதே, பூசி மெழுகாதே. என் ரம்பத்தை என்ன செய்தாய்?

அக்கா


அக்டோபர் 13

அக்காவுக்கு,

நான்தான். செயினைக் கழற்றி, திருப்பி மாட்டினேன். பல்லெல்லாம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓடும், உறுமும், அறுக்காது. அவ்வளவுதான் செய்தேன். பத்து நிமிட வேலை. நீங்கள் கடையிலிருந்து திரும்பும்வரை மீதி ஐம்பது நிமிடம் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். நான் வந்த ஐந்தாம் நாள் காலை நீங்கள் பின்பக்கம் அறுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். கட்டையில் நீங்களே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டீர்கள். ரம்பம் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. நீங்கள் நிறுத்தவில்லை. அடுத்த கட்டைக்குத் திரும்பும்போது, ஓடிக்கொண்டிருந்த செயின் உங்கள் இடது முழங்காலை ஒட்டிப் போனது. பாவாடைத் துணியில் ஒரு கீற்றுக் கிழிந்து தொங்கியது. நீங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் துணி மடிக்கும்போது, "எந்த ஆணியில மாட்டிச்சோ" என்றீர்கள்.

ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருக்க வேண்டும். அல்லது அன்று சாயங்காலமாவது உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். கண் மருத்துவர் என்று ஆரம்பித்தேன், நீங்கள் குரலை உயர்த்தினீர்கள், நான் அடங்கிவிட்டேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இன்னும் உங்கள் குரலுக்குப் பயம். என்னைப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது நீங்கள். உங்களிடம் "இதைச் செய்யாதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைதான் வந்தது.

எங்கள் தொழில் புத்தி அது. சந்தேகமாக இருந்தால் முதலில் நிறுத்து. நிறுத்தினேன். ஆனால் பலகை மாட்டவில்லை. அப்படிச் செய்தவரைத்தான் மூன்று நாள் விசாரித்தோம், அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுதான் சொல்லக் கஷ்டம். நான் அதைச் சோதனையாகவும் செய்தேன். ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஒரு தையல் பிசகினால் பத்தடி தூரத்திலிருந்து பிடிக்கிறவர் நீங்கள். "எந்த மடையன்டா செயினைத் திருப்பி மாட்டினது" என்று தொலைபேசியில் கத்துவீர்கள், நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலாக "பளபளவென்று இருக்கிறது, எல்லாம் சரி" என்று கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மீசைக்காரர் பேரில் பழி விழும் என்று நான் நினைக்கவில்லை. விழுந்த பிறகும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

இருபதாம் தேதி அந்த ரம்பத்தைத் தொடாதீர்கள் அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


அக்டோபர் 22

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

இந்த மாதம் இரண்டாம் தேதி ரம்பத்தை எடுத்துத் துடைத்தேன். விற்றாலும் சுத்தமாக விற்க வேண்டும் என்று. கையுறை நனைந்திருந்ததால் கழற்றிவிட்டு வெறும் கையால் செயினைத் தடவினேன். வெல்வெட் துணியை எதிர்ப்பக்கம் தடவினால் விரலில் உரசும் பார், அந்த மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் வழுவழுப்பாகப் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தடுத்தது. நாற்பது வருடமாகத் துணியின் நேர் எது, எதிர் எது என்று சொன்ன விரல். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் தடவினேன். பிறகு வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணால் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கொட்டகையிலேயே நின்று அழுதேன். ரம்பத்துக்காக இல்லை.

கண் விஷயம் எனக்கு வசந்த காலத்திலிருந்தே தெரியும். இடது கண்ணில் நடுவில் ஓர் அழுக்கு. கண்ணாடியைத் துடைத்தாலும் போகாத அழுக்கு. நேர்க்கோடு நடுவில் நெளிகிறது. ஜூனில் பள்ளியிலிருந்து பன்னிரண்டு சட்டையைத் திருப்பி அனுப்பினார்கள், பக்கத் தையல் கோணலாம். துணி மட்டம் என்று சண்டை போட்டேன். ஊசியில் நூல் கோப்பது நாக்கு நுனியும் விரலும் சேர்ந்து செய்கிற வேலை. அதை வைத்து உன்னை ஏமாற்றினேன், என்னையும் ஏமாற்றிக்கொண்டேன். சொன்னால் அந்தப் பின்னறைதான் என்று பயம். வேறு ஒன்றுமில்லை.

செயின் திரும்பியிருப்பது தெரிந்ததும் அது உன் வேலைதான் என்று புரிந்துவிட்டது. மீசைக்காரருக்குச் சைக்கிள் செயினே ஒழுங்காக மாட்டத் தெரியாது. தெரிந்துகொண்டேதான் ஆறாம் தேதி உனக்கு எழுதினேன். நீயாக ஒப்புக்கொள்கிறாயா, இல்லை இன்னொரு ஏணி கொண்டுவருகிறாயா என்று பார்க்க வேண்டியிருந்தது. நீ என்னைச் சோதித்தாய், நான் உன்னைச் சோதித்தேன். நல்ல குடும்பம்.

உன் மேல் கோபம் இன்னும் இருக்கிறது. செயினைத் திருப்பியதற்கு இல்லை. "அக்கா, உங்களுக்குக் கண்ணு தெரியல" என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், தட்டை வீசியிருப்பேன், மூன்று நாள் பேசாமல் இருந்திருப்பேன். நாலாம் நாள் மருத்துவரிடம் போயிருப்பேன். அந்த நாலு நாளைத் தாங்க உனக்குத் தைரியம் இல்லை. அதற்கு விலை கொடுத்தது ஒரு நல்ல மனிதர்.

உன் கடிதம் வந்த அன்றே புதுப் பூட்டின் சாவி ஒன்றோடு மீசைக்காரர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். "தப்பு என்னோடது. என் கண்ணு கெட்டுப்போச்சு, அதை ஒத்துக்க மனசில்லாம உங்க மேல பழி போட்டேன்" என்றேன். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. அவர் உடனே சிரித்து மழுப்பவில்லை.

"பதினோரு வருஷப் பழக்கம்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே பார்த்துச் சொல்லியிருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். வியாழக்கிழமை கண் மருத்துவமனைக்கு அவரே வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றார். ஆனால் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. அது என் மேசைமேல்தான் கிடக்கிறது, பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்கிறது.

ரம்பம் வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கவில்லை. அவருக்கு நீ எழுது. என் வழியாக இல்லை, நேராக. பிறகு உங்கள் லிஃப்ட் பலகையில் ஒன்றை எனக்கு அனுப்பு.

அக்கா


அக்டோபர் 30

அக்காவுக்கு,

பலகையைத் தனியாகப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு எழுத்து, இரும்புக் கொக்கி. கீழே கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டுத்தான் அனுப்புகிறேன். ஆகஸ்டில் மாட்டியிருக்க வேண்டியது. அதைப் பழைய ரம்பத்தில் மாட்டிவிடுங்கள்.

அவருக்கு நான்கு பக்கம் எழுதினேன். பதில் வரவில்லை. வராமல் இருந்தாலும் நியாயம்தான்.

பின்னறையைப் பற்றி இனி நான் பேசமாட்டேன். நீங்கள் எங்கே இருப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வியாழக்கிழமை மருத்துவர் என்ன சொன்னார்? ஒளிக்காமல் எழுதுங்கள்.

தம்பி


நவம்பர் 16

தம்பிக்கு,

ஒளிக்காமல் எழுதுகிறேன். இடது கண்ணில் போனது போனதுதான், திரும்ப வராது. வலது கண்ணிலும் ஆரம்பம். மாதம் ஒரு ஊசி போட்டால் அது மேலே போகாமல் நிறுத்தி வைக்கலாம் என்கிறார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி. முதல் ஊசி போட்டாகிவிட்டது. வலி பரவாயில்லை, பயம்தான் அதிகம். மீசைக்காரர் வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும் வழியில், "உங்க தம்பி எழுதியிருந்தார்" என்றார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அந்தச் சாவிய குடுங்க. சைக்கிள் வெளியில துருப்பிடிக்குது" என்றார்.

பெட்ரோல் ரம்பத்தைப் பிரிக்காமலே கடையில் கொடுத்துப் பேட்டரி ரம்பமாக மாற்றிக்கொண்டேன். இனி விறகு அறுக்கப் போவது மீசைக்காரர், தேர்ந்தெடுக்க வேண்டியதும் அவர். பாப்பா தூங்குகிற வீட்டுக்காரர் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்? சத்தம் போடாத ரம்பத்தை நம்பமாட்டேன் என்று உனக்கு எழுதினேன். சத்தம் போடாமல் இருந்த தம்பியையே நம்பித் தொலைத்திருக்கிறேன், ரம்பம் என்ன பெரிய விஷயம். அவர் அறுக்கிறார், நான் அடுக்குகிறேன். அடுக்க விரல் போதும். இரண்டு சுவர் ஏறிவிட்டது, மூன்றாவது பாதி. இந்தக் குளிர்காலம் நான் இங்கேதான். அடுத்த குளிர்காலத்தைப் பற்றி வலது கண் சொல்லட்டும், அப்போது முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுவோம்.

பழைய ரம்பத்தின் செயினைச் சரியான பக்கம் திருப்பிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவி. பத்து நிமிடம் எனக்கும் போதும். ஒரே ஒரு கட்டை அறுத்துப் பார்க்கலாமா என்று கை துறுதுறுத்தது, உண்மையைச் சொல்கிறேன். நல்ல வெயில், கட்டையும் சட்டத்தில் தயாராக இருந்தது. கயிற்றில் கைகூட வைத்துவிட்டேன்.

பிறகு உள்ளே போய் உன் பலகையை எடுத்துவந்தேன். உன் கையெழுத்தை ரப்பரால் அழித்தேன், போகவில்லை, உப்புக்காகிதத்தால் தேய்த்தேன். அந்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். கோணலாகத்தான் வந்தது. கொக்கியை ரம்பத்தின் கைப்பிடியில் மாட்டி, ரம்பத்தைக் கொட்டகையின் கடைசி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

டிசம்பரில் வரும்போது அதைத் தொடாதே. மேலதிகாரியே வந்தாலும் தொடக்கூடாது என்று நீதான் எழுதினாய். மாட்டியது நான்.

அக்கா